அளக்கும்போது மட்டும் ஓடும் லைன்

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த நோட்டு பஸ் நிலையத்துச் சொத்து. தனியார் பஸ் சங்கத்தின் டைம் ரிஜிஸ்டர். எலி ஒரு மூலையைக் கடித்துவிட்டது என்று கழித்துக் கட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துக்கு நான்கு கட்டம்: வருகை, புறப்பாடு, தாமதம், காரணம். பாளை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருபத்தாறு வருஷம் இந்தக் கட்டங்களில் பஸ்களை அடைத்திருக்கிறேன். இன்றுமுதல் இன்டர்நெட்டை அடைக்கப் போகிறேன்.

எழுதச் சொன்னவன் கேபிள் செல்வின். எங்கள் கோமதி நகருக்கு டிவி லைனும் அவன்தான், இப்போது ஃபைபர் நெட்டும் அவன்தான்.

"அண்ணாச்சி, ஸ்லோவா இருக்கு, ஸ்லோவா இருக்குன்னு சொன்னா நான் எந்தக் கம்பியப் போய்ப் பாக்க? எப்ப ஸ்லோ, எவ்வளவு ஸ்லோன்னு ஒரு நோட்டுல டைம் போட்டு எழுதி வையுங்க. பொறவு பேசுவோம்."

ஒரு டைம் கீப்பரிடம் வந்து டைம் போட்டு எழுதச் சொல்கிறான். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் கோமு எம்.எஸ்ஸி. கணக்கு. (நான் பத்தாவது. கணக்கில் முப்பத்தைந்து. அதில் மூன்று, வாத்தியார் இரக்கப்பட்டுப் போட்டது.) மாடி அறையில் உட்கார்ந்து, துபாயில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை. நான்கு வாரம் சோதனை. ஏப்ரல் 25 கடைசி நாள். அதற்குள் பெற்றோரிடமிருந்து மூன்று புகார் வந்தால் வேலை கிடையாது. முதல் வாரமே ஒன்று வந்துவிட்டது. 'டீச்சரின் குரல் அறுந்து அறுந்து வருகிறது. முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது.'

சென்னையில் நல்ல வேலையில்தான் இருந்தாள். பிப்ரவரியில் எனக்கு ஒரு சின்னச் சமாச்சாரம், நான்கு நாள் ஆஸ்பத்திரி. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். அவளே சொன்னாள். நானும் நம்பிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

செல்வின் என் போனில் ஸ்பீடு அளக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். தொட்டால் பஸ் மீட்டர் மாதிரி ஒரு முள் எழுந்து போகிறது. நாங்கள் வாங்கியிருப்பது ஐம்பது எம்பி. முள் 48-இல் நின்றது. மேலப்பாளையம் ரோட்டில் இந்த வேகத்தில் ஒரு பஸ்ஸும் ஓடி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை 48. மதியம் 48. மூன்று மணிக்கு 47.

"ஏங்க, ஞாயித்துக்கெழம கிளாஸே கெடையாது. எதுக்கு அதப் போட்டு நோண்டுதீய?" என்றாள் ஆவுடை, என் வீட்டுக்காரி.

ஓடாத பஸ்ஸுக்கும் எண்ணெய் பார்க்கத்தான் வேண்டும் என்றேன். வெங்காயம் உரிக்கச் சொன்னாள். உரித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

5.00 – 21
5.30 – 9
6.00 – 6
7.00 – 4

மாடியிலிருந்து: "மிதுன், கேக்குதா? மிதுன்? நான் தெரியுறேனா?" மிதுன் அவளுடைய மாணவன், ஆறாம் வகுப்பு. அவன் அம்மாதான் முதல் புகார் எழுதியது.

செல்வினை வரவழைத்து நோட்டைக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்து அசந்துவிட்டான். பிறகு விளக்கினான்.

"அண்ணாச்சி, ஆபீஸ்ல இருந்து உங்க தெரு போஸ்ட்டு வரைக்கும் வாரது ஒத்தக் கம்பிதான். போஸ்ட்டுல ஒரு டப்பா இருக்கு. அதுல இருந்து பதினாறு வீட்டுக்குப் பிரியுது. மத்தியானம் எல்லாரும் உறங்குதாக, உங்களுக்கு 48 கெடைக்கு. அஞ்சு மணிக்கு மேல பதினாறு வீட்லயும் டிவி, போன், பிள்ளைய கேம் எல்லாம் ஒண்ணாத் தொறந்தா?"

"அப்போ ஐம்பது எம்பின்னு நீ சொன்னது?"

"ஐம்பது வரைக்கும்னு சொன்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு பஸ். ஐம்பத்தைந்து சீட்டு. மதியம் இரண்டு மணிக்குக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். சாயங்காலம் படியில் தொங்க வேண்டும். டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான். இதை எம்.எஸ்ஸி. படித்தவள் எனக்குச் சொல்லவில்லையே என்று சிறிது பெருமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

செல்வின் புது மோடம் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு, நாளைக்கு வந்து மாட்டுகிறேன் என்று போனான். பழையதற்கு இரண்டு கொம்பு. இதற்கு நான்கு. நாளை வரைக்கும் எதற்கு என்று நானே பிளக்கில் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

என்ன வேகம்! போனில் செய்தி தொடுமுன் திறக்கிறது. ஆவுடையின் சீரியல் நடிகைக்கு மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிறது. "முன்னால இந்தக் கல்லு தெரியவே இல்லங்க" என்று அவளே சொன்னாள். நான்கு கொம்பு என்றால் சும்மாவா?

ஏப்ரல் 9, புதன்

புது மோடத்தில் ஃபைபர் கம்பியே சொருகவில்லை. கரண்டு மட்டும்தான் போயிருக்கிறது. நேற்று முழுக்க வீட்டில் ஓடியது அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய இரண்டு கொம்புதான். கோமு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எப்பா, இது சும்மா லைட்டு எரியுது. நைட் லேம்ப் மாதிரி."

மூக்குத்தியைப் பற்றி நானும் ஆவுடையும் இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஏப்ரல் 10, வியாழன்

படியில் தொங்குகிற கூட்டத்தைக் குறைக்க ஒரே வழி டைமிங். அது என் தொழில். சார்ட் அட்டை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'கோமதி நகர் மூன்றாம் தெரு: இன்டர்நெட் கால அட்டவணை' என்று சிவப்பு மையில் எழுதினேன். பதினாறு வீட்டுக்கும் நேரம் ஒதுக்கினேன். ஐந்து முதல் எட்டு வரை எங்கள் வீட்டுக்கு மட்டும். மற்றவர்கள் முன்னே பின்னே.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம். அட்டவணையை விடைத்தாள் மாதிரி வாங்கிப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு என் தங்கச்சி மக கனடாவுல இருந்து பேசுவா. அத எட்டுக்கு மேலன்னு போட்டிருக்கீங்க."

"ரெண்டே வாரம் டீச்சர். கோமு வேலை விஷயம்."

அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார். "கோமு என் கிளாஸ்ல படிச்ச பிள்ள. சரி, பாத்துக்கிடுதேன்."

மூலை வீட்டு ஆதிமூலம் சார் கிரிக்கெட் பைத்தியம். மேட்ச் ஏழரைக்கு ஆரம்பம். "முதல் ஆறு ஓவர்தான்யா ஆட்டமே! பவர் பிளே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நானும் என் நெஞ்சில் கை வைத்தேன். என் நெஞ்சைப் பற்றித் தெருவுக்கே தெரியும். "சரி, சரி, ஆறு ஓவரையும் எடுத்துக்கிடும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டார். சமாச்சாரத்தால் வந்த முதல் லாபம்.

ஏப்ரல் 11, வெள்ளி

செல்வின் காலையில் ஏணியோடு வந்தான். புது மோடத்தில் கம்பியைச் சொருகினான். போஸ்ட்டில் இன்னொரு டப்பா மாட்டி எங்கள் வீட்டு லைனை அதற்கு மாற்றினான்.

"இதுல உங்க வீடும் இன்னும் ரெண்டு வீடும்தான் அண்ணாச்சி. இனிமே வண்டி காலி. நோட்டெல்லாம் மூடி வையுங்க."

மூடி வைக்கவா? புது ரூட்டு போட்டால் முதல் வாரம்தான் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தேன்.

5.10 – 48. (மாடியில்: "மிதுன், கேக்குதா?")
5.20 – 47. ("ஒரு நிமிஷம் இருப்பா, நெட் போயிட்டு.")
5.30 – 48. ("நேஹா, நீ பேசுறது எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு.")
5.40 – 48. ("அய்யோ!")

எட்டு மணிக்கு அவள் இறங்கி வந்தபோது முகமே சரியில்லை. "எப்பா, நேத்தைக்கு மாதிரிதான் இருக்கு. நடுநடுவுல பத்துப் பதினஞ்சு செகண்டு அப்படியே நின்னுருது."

48-இல் ஓடுகிற லைன் எப்படி நிற்கும்? சாப்பிடும்போதும் அதே யோசனை. மூன்றாவது தோசையில் பிடிபட்டது. செக்கிங் இன்ஸ்பெக்டர்! செக்கர் ஏறியதும் டிரைவர் ஒழுங்காக ஓட்டுவான், கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுப்பான். செக்கர் இறங்கியதும் பழையபடிதான். இந்த லைனும் அதே ரகம். நான் அளக்கும்போது மட்டும் ஓடிக் காட்டுகிறது!

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை கண்டக்டர்களைப் பார்த்திருக்கிறேன். என்னிடமா?

ஏப்ரல் 12, சனி

இனிமேல் திடீர்ச் சோதனை. எப்போது அளப்பேன் என்று எனக்கே தெரியக்கூடாது. அறுபது துண்டுச் சீட்டில் ஒன்று முதல் அறுபது வரை எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டிருக்கிறேன். ஐந்து மணிக்குக் குலுக்கி எட்டுச் சீட்டு எடுப்பது. வந்த நிமிஷங்களில் அளப்பது. ஆறு மணிக்கு மறுபடி குலுக்கல். ஏழுக்கு மறுபடி.

"தம்போலா ஆடுதீயளா?" என்றாள் ஆவுடை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பருப்புப் பாயசம். டாக்டர் எனக்கு அரை டம்ளர்தான் அனுமதித்திருக்கிறார். எந்த டம்ளர் என்று சொல்லவில்லை.

ஒரு போனை ஏமாற்றலாம், மூன்று போனை ஏமாற்ற முடியுமா? என் போன், ஆவுடை போன், கோமுவின் பழைய போன் மூன்றிலும் ஆப்பை ஏற்றி, மேஜையில் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் தொட்டேன். ஆவுடை ஒன்றைத் தொட உதவினாள்.

மூன்றிலும் 16!

கள்ளத்தனம் வெளியே வந்துவிட்டது. 48 என்று காட்டிக்கொண்டிருந்த லைன் உண்மையில் 16. பாக்கி 32 எங்கே?

மாடியில் அவள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். "ஒரு முழு தோசைய மூணு பேருக்குச் சமமாப் பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவு, மிதுன்? மிதுன்? ஹலோ?"

ஏப்ரல் 15, செவ்வாய்

செல்வின் எங்கள் தெரு முனையில் போஸ்ட்டின் மேல் இருந்தான். கீழே நின்று கேட்டேன்.

"ஏலே, பாக்கி முப்பத்திரண்டு எங்கடே?"

"என்ன அண்ணாச்சி? கேக்கல!"

"கேக்காது! எப்படிக் கேக்கும்? என் மக வேலைக்கு உலை வைக்கியே, திருட்டுப் பயலே! தெருவுல வேற யாருக்கு அந்த முப்பத்திரண்ட வித்த?"

நான்கு வீட்டுக் கதவு திறந்தது. செல்வின் இறங்கி வந்தான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். குற்றமுள்ளவன் அப்படித்தான் போவான் என்று ஆதிமூலம் சாரிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் வந்ததும் கோமு பிரஷர் மெஷினோடு நின்றாள். இதை எழுதவில்லை அல்லவா? பிப்ரவரிக்குப் பிறகு காலையில், மதியத்தில், படுக்கும் முன் என்று என் கையில் பட்டையைச் சுற்றி அளந்து, காலண்டரில் குறிக்கிறாள். வாரம் ஒரு தடவை போதும் என்றார் டாக்டர். இவள் கேட்டால்தானே! அந்தப் பட்டையைக் கண்டதுமே எனக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பிக்கிறது. 152.

"பாத்தீங்களா? தெருவுல சத்தம் போட்டா இப்படித்தான்."

"நீ அளக்குததாலதான் ஏறுது."

"அளந்தா எப்படி எப்பா ஏறும்?" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 16, புதன்

இரண்டாவது புகார் வந்துவிட்டது. நேஹாவின் அப்பா. இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. கடைசி வாரம் முழுவதும் கம்பெனி மேடமே வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பாராம்.

கோமு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "சரி, இது இல்லன்னா இங்க ஏதாவது டியூசன் எடுத்துக்கிடலாம்" என்று, எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரிச் சொன்னாள். ஆவுடை உள்ளே போய் மிக்ஸியை ஓடவிட்டாள். அரைக்க ஒன்றும் இல்லை.

வகுப்பு எந்தெந்த நேரத்தில் அறுந்தது என்று கம்பெனி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறது. செல்வின் முகத்தில் எறிவதற்காக அதை இந்த நோட்டில் நகல் எடுக்கிறேன்.

ஏப்ரல் 15:
5.07
5.19
5.26
5.41
5.48

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். தலைவலி.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று தலைவலி எல்லாம் ஒன்றுமில்லை. 5.48 எழுதியபோது கை தானாக நின்றது. எழுதின கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. முன் பக்கத்தைப் புரட்டினேன். 15-ஆம் தேதி, என் கையெழுத்து, டம்ளரில் குலுக்கி எடுத்த நிமிஷங்கள்: 5.07, 5.19, 5.26, 5.41, 5.48.

பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று அளந்திருந்தால், ஏதோ தற்செயல் என்று தப்பித்திருக்கலாம். எனக்கே தெரியக்கூடாது என்று குலுக்கி எடுத்த நேரம் துபாய்ப் பட்டியலில் எப்படி வரும்? ஒரே பஸ் இரண்டு நிலைய ரிஜிஸ்டரில் பதிந்திருக்கிறது. அந்த பஸ்ஸை ஓட்டியவன் நான்.

செல்வின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கத்தையும் அவன் முன் விரித்து வைத்தேன். பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கிளாஸ் நடக்கும்போதா அளந்தீய?"

"அப்பதானே அளக்கணும்?"

"அந்த ஆப்பு எப்படி அளக்கு தெரியுமா? உங்க லைன்ல எவ்வளவு போகும்னு பாக்க, முழு லைனையும் அதுவே ரொப்பிக்கிடும். பத்துப் பதினஞ்சு செகண்டு வேற ஒண்ணும் உள்ள போவாது, வெளிய வராது. பாப்பா பேச்சு அதுல மாட்டிக்கிடும்."

"மூணு போன்ல..."

"மூணு போன்லயுமா?" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பதினாறு, பதினாறு, பதினாறு. கூட்டிப் பாத்தீயளா?"

கூட்டிப் பார்த்தேன். அங்கேயே, அவன் வீட்டு வாசல் படியில். முப்பத்தைந்து மார்க்கில் அந்த மூன்றும் எதற்குப் போட்டார் வாத்தியார் என்று இப்போது புரிகிறது.

பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஐம்பத்தைந்து ஆட்களை ஏற்றி, எண்ணி, இறக்கியிருக்கிறேன். ஒரு நாளில் இருபத்து நான்கு தடவை. ஏற வந்த ஒரே பயணி படியில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். போஸ்ட்டில் புது டப்பா மாட்டிய அன்றே லைன் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அறுந்தது ஒவ்வொன்றும் என் விரல்.

"திருட்டுப் பயலேன்னு சொன்னேன்" என்றேன்.

"ஆமா. எங்க அம்மா வேற ஜன்னல்ல நின்னு கேட்டுட்டு இருந்தா."

அம்மாவையும் கூப்பிடச் சொல்லி, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா காப்பி கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தது. டாக்டரை நினைத்துக்கொண்டே குடித்தேன். அந்த நிலையில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

கோமுவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் மூன்று போனையும் அணைத்து அரிசி டிரம்மில் வைத்தேன். மாடியில் ஒரு "கேக்குதா"கூட இல்லை. அது நிம்மதியாக இருந்ததா, செருப்பால் அடித்த மாதிரி இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கால அட்டவணையை ரத்து செய்யவேண்டும். காரணம் கேட்பார்கள். காரணம் என்ற கட்டத்தில் இருபத்தாறு வருஷமாக 'டயர் பஞ்சர்', 'கோயில் கொடை', 'ரயில்வே கேட்' என்று மற்றவர்களுடையதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எஸ்தர் டீச்சர் மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையில், களைத்து வந்தார். கேட்டிலேயே பிடித்துச் சொல்லிவிட்டேன். ஆதிமூலம் சாரும் வந்து சேர்ந்துகொண்டார்.

"அப்போ அந்த ஆறு ஓவரு?" என்றார் அவர்.

"தேவையே இல்ல சார். போன வெள்ளிக்கெழம காலையிலயே லைன் சரியாயிட்டு."

"ஒரு ஃபிஃப்டி போச்சுய்யா! ரெண்டு விக்கெட்டும் போச்சு!"

டீச்சர் அவரைக் கையமர்த்தினார். "இங்க எட்டு மணின்னா அங்க கனடாவுல அவ ஆபீஸுக்குப் போயிருப்பா. ஒம்போது நாளா அவகிட்ட நான் பேசல."

எனக்கு அது தெரியாது. அன்றைக்கு அவர் சொல்லவில்லை. சரி, பாத்துக்கிடுதேன் என்று மட்டும்தான் சொன்னார்.

"டீச்சர்..."

"இன்னைக்கு வேற நாளா இருந்தா ஸ்கேல எடுத்திருப்பேன். இன்னைக்கு மன்னிக்கணும். உங்க நல்ல நேரம்." உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தார். "பிள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லும் தைரியம் சேர நான் வைத்திருந்த கெடு ஞாயிற்றுக்கிழமை. தெரு எனக்குக் கொடுத்த கெடு அரை மணி நேரம்.

எட்டு ஐந்துக்குக் கோமு இறங்கி வந்தாள். பிரஷர் மெஷினை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பட்டையைச் சுற்றினாள். 158.

"எதுக்கு இவ்வளவு எப்பா?"

"எஸ்தர் டீச்சர் சொன்னாகளா?"

"ஆதிமூலம் மாமா. மாடி ஜன்னலப் பாத்து, 'உங்கப்பா ஒரு ஃபிஃப்டிய முழுங்கிட்டாரு'ன்னாக."

நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இந்தப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் வரை படித்தாள். டம்ளர் சீட்டு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், பதினாறு பதினாறு பதினாறில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஆவுடையும் ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தாள். பிறகு கோமு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

"ஹாஸ்டல் சாப்பாட்ட நம்பிட்டேன்னு எழுதியிருக்கீங்க."

நான் சுவரைப் பார்த்தேன்.

"நம்பலல்லா?"

"மூணு வருஷம் ஒத்துக்கிட்ட சாப்பாடு பிப்ரவரிலதான் ஒத்துக்காமப் போச்சா?"

"சரி. உங்களுக்காகத்தான் வந்தேன். அதுக்கு இப்ப என்ன? நெட்ட அளந்து எனக்குக் கைம்மாறு செய்யப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்டையில் பதினைந்து செகண்டு எதுவும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. அவள் என் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள்.

"அன்னைக்கு, அளக்குததாலதான் ஏறுதுன்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன்." மெஷினை மடித்து டப்பாவில் போட்டாள். "ஒரு ஒப்பந்தம். நீங்க என் லைன அளக்காதீங்க. நான் உங்கள வாரத்துக்கு ஒருக்க மட்டும் அளக்கேன். டாக்டர் சொன்னபடி. ஞாயித்துக்கெழம காலைல."

"திடீர்ச் சோதனை?"

"கெடையாது."

ஏப்ரல் 20, ஞாயிறு

134. எஸ்தர் டீச்சர் வீட்டிலிருந்து ஈஸ்டர் கேக் வந்தது. அளந்த பிறகுதான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மேடம் வகுப்பில் இருக்கிறார். போன்கள் அரிசி டிரம்மில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரம்மில்.

ஏப்ரல் 23, புதன்

ஆறு இருபதுக்கு மாடியில் ஒரு நீண்ட அமைதி. டிரம் மூடி வரை கை போய்விட்டது. "விடு" என்றாள் ஆவுடை. அவள் பயப்படும்போது மட்டும்தான் எனக்கு மரியாதை குறையும். பிறகு கோமுவின் குரல் வந்தது: "வெரி குட் மிதுன். யோசிச்சு, மெதுவாவே சொன்ன பாத்தியா?" பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எல்லா அமைதியும் அறுந்துபோனது இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

கடைசி நாள். ஐந்து மணிக்கு ஹாலில் நாற்காலியைப் போட்டு, இந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத ஒன்றுமில்லை. தலைக்கு மேல் அவள் நடக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பின்னங்கள். எதிர்வீட்டில் ஆறு மணிக்கு எஸ்தர் டீச்சர் கனடாவோடு சண்டை போடும் சத்தம். ஏழரைக்கு ஆதிமூலம் சார் வீட்டில் மேட்ச் ஆரம்பித்த சத்தம். பஸ் நிறைய ஆட்கள். ஆனாலும் ஓடியது.

எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்குக் கதவு திறந்தது. படியில் அவள் இறங்கி வரும் வேகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்கும் வரை காத்திருந்தேன்.

"மேடம் கிளாஸ்ல வச்சே சொல்லிட்டாங்க எப்பா. வேல உறுதி. மிதுனோட அம்மா வேற, மூணாவதா எழுதியிருக்காங்களாம்."

"புகாரா?"

"போன வாரத்துல இருந்து டீச்சர் நல்லாத் தெளிவாப் பேசுறாங்கன்னு!"

ஆவுடை அடுப்பை அணைக்காமலே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கோமுவின் கை அலமாரிப் பக்கம், பிரஷர் மெஷினை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஸ்பீடு எவ்வளவு எப்பா இருந்துச்சு?" என்றாள்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"தெரியலம்மா."

வருகை: 5.00
புறப்பாடு: 8.02
தாமதம்: இல்லை
காரணம்: அளக்கவில்லை